வண்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்து

கார் வாங்கியவருக்கு ஷோரூமிலிருந்து வருஷா வருஷம் ஒரு வாழ்த்து அட்டை வரும். அவருடைய பிறந்தநாளுக்கு அல்ல, காரின் பிறந்தநாளுக்கு. ‘உங்கள் அன்பு வாகனத்துக்கு இன்று பிறந்தநாள்’ என்று மேலே பலூன் படம் போட்டிருக்கும். கீழே, சர்வீஸுக்குக் கொண்டுவந்தால் என்னென்ன இலவசம் என்ற விவரம். பெற்ற பிள்ளையின் பிறந்தநாளை மறந்துவிட்டு மாலையில் கேக் வாங்க ஓடுகிற நான், ஊரில் ஓடுகிற கார்களின் பிறந்தநாளையெல்லாம் தவறாமல் ஞாபகம் வைத்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறேன்.

ஷோரூம்காரர்களின் வாடிக்கையாளர் பட்டியலைச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கணினியில் குப்பை மாதிரி வந்து கொட்டும். ஒரே ஆள் இரண்டு தடவை இருந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். வீடு மாறிப் போனவர்களுக்குப் போன் போட்டுப் புது முகவரி கேட்டு வாங்க வேண்டும். பிறகு பெயர்களை ஸ்டிக்கரில் அச்சடித்து, கவரில் ஒட்டி, கட்டுக் கட்டாகத் தபாலுக்கு அனுப்ப வேண்டும். கேட்கிறவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்பார்கள். சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருக்கிறது. கீழே மீன்பிடி வலையும் கயிறும் விற்கிற கடை. முதலாளியின் குடும்பம் வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தது. பத்திரிகைகள் கைபேசியில் பறக்க ஆரம்பித்ததும் அவர் கவரை விடாமல் தொழிலை மட்டும் மாற்றிக்கொண்டார். நாங்கள் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஷோரூம் கடிதத்தைக்கூட அவர் எழுதினால் ‘தங்கள் மேலான வருகையை எதிர்நோக்கும்’ என்றுதான் முடியும். நான்தான் அடித்துத் திருத்துவேன்.

வடசென்னைப் பட்டியலைச் சுத்தம் செய்து பார்த்தால்தான் தெரியும், தலை எப்படிச் சுற்றும் என்று. ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. அதுவாவது பரவாயில்லை. சடையங்குப்பம் மாதிரி தாழ்வான இடத்தில் இருப்பவர்கள், மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று, முக்கியமான தபாலுக்கெல்லாம் மேட்டில் இருக்கிற சொந்தக்காரர் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். திருவொற்றியூரில் ஒரு ஒண்டுக் குடித்தன வீட்டின் பெயரில் ஏழெட்டுக் கார்கள் பட்டியலில் நின்றன. அந்தத் தெருவில் சைக்கிள் நுழைவதே கஷ்டம். ஒரே வீட்டுக்கு இரண்டு கவர் போகக்கூடாது என்று ஷோரூம்காரர் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டை நான் என்ன செய்வது? ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்கினேன். பாய் வந்து திரும்பச் சேர்த்தார். மறுபடியும் நீக்கச் சொன்னார். இன்றுவரை அந்த வீட்டைப் பற்றி எங்களுக்குள் ஒரு முடிவு இல்லை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது ராசி. எங்கள் பக்கத்தில் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஓட்டமாட்டார். ஓட்டுகிறவர் பெயரில் வண்டி இருக்காது. குடும்பத்தில் யார் பெயரில் எடுத்தால் வண்டி அடிபடாது, சவாரி குறையாது என்று நம்புகிறார்களோ, அவர் பெயரில் பதிவு செய்துவிடுவார்கள். ஒரு தடவை பெரிய கார் ஒன்றின் உரிமையாளருக்குப் போன் போட்டு, “மேடம், உங்கள் வண்டி எப்படி ஓடுகிறது?” என்று மரியாதையாகக் கேட்டேன். “செயின் கழண்டுபோச்சு ஆன்ட்டி” என்றது ஒரு சிறுமியின் குரல். அவள் தன் சைக்கிளைச் சொன்னாள். காரைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இதில் யாரை வாடிக்கையாளர் என்பது?

ஒரு முற்பகலில் ஒரு அண்ணன் படியேறி வந்தார். ஐம்பது தாண்டிய ஆள், காக்கிச் சட்டை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கையில் எங்களுடைய பலூன் அட்டை. விலாசதாரர் கிடைக்காமல் திரும்புகிற கவர்கள் எங்களிடமே வரட்டும் என்று பின்பக்கத்தில் எங்கள் முகவரியைப் போடுவோம். அதைப் பார்த்து வந்துவிட்டார்.

“இன்னாமா இது? யார கேட்டுகினு இத்த அனுச்ச?” என்று அட்டையை என் மேஜையில் போட்டார்.

வாழ்த்து அனுப்பியதற்குச் சண்டைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். எனக்கும் கோபம் சட்டென்று வரும். “பிறந்தநாள் வாழ்த்துதானே அண்ணே, வக்கீல் நோட்டீஸா அனுப்பிட்டோம்?” என்றேன்.

“அதுவே தேவலாம்மா” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

ஹார்பரில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவர். இடுப்பு போனதும் அதை விட்டுவிட்டு, வாடகைக்கு ஓட்ட ஒரு கார் வாங்கினார். வாங்கும்போது மகள் பெயரில் வாங்கினார். அவள் பிறந்த பிறகுதான் தனக்கு நிலையான வேலை கிடைத்தது, தொட்டதெல்லாம் நன்றாக நடந்தது என்பது அவர் நம்பிக்கை. மகளுக்குக் கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்குப் போய்விட்டாள். அவரும் மனைவியும் எண்ணூர் பக்கம் சின்ன வீட்டுக்கு மாறிவிட்டார்கள். வண்டி மகள் பெயரில் இருப்பதைச் சம்பந்தி வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இப்போது எங்கள் அட்டை நேராக அந்த வீட்டுக்குப் போய், ‘வாகன உரிமையாளர் அவர்களுக்கு’ என்று மருமகள் பெயரோடு நின்றிருக்கிறது.

“சம்மந்தி இத்த எட்துகினு வூட்டுக்கே வந்துட்டாரும்மா. கோவமா வந்தா நானும் நாலு வார்த்த பேசுவேன். சிரிச்சிகினே வராரு. பொண்ணு வண்டி பொண்ணு வூட்ல நிக்கட்டும் சம்மந்தின்றாரு. அமாவாச கழிஞ்சதும் எட்துகினு போறேன்றாரு. நான் இன்னா சொல்றது, சொல்லு. அத்த குட்துட்டு இந்த வயசுல நான் எங்கமா போவேன்? மூட்ட தூக்க இடுப்பு கீதா?”

எனக்கு முதலில் பயம்தான் வந்தது. கணினியில் அந்தப் பெயரைத் தேடினேன். பழைய முகவரிக்குப் போன அட்டை திரும்பி வந்திருக்கிறது. நான் பட்டியலில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறேன். எடுத்தது மகள். அவளே தண்டையார்பேட்டை முகவரியைச் சொல்லியிருக்கிறாள், நான் பதிந்திருக்கிறேன். எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கிறது. விதிப்படி நடந்த ஒன்று எப்படி இவ்வளவு தப்பாக வந்து முடிந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

“வண்டி உங்களதா, பொண்ணோடதா அண்ணே?” என்று கேட்டேன்.

“பேரு பாப்பாது. வண்டி என்து.”

“அப்ப பேரை உங்களுக்கு மாத்திக்க வேண்டியதுதானே?”

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். “அய்ய, பேர மாத்துனா ராசி பூடும்மா.”

எனக்குச் சுர்ரென்றது. “பேரு மட்டும் வேணும், ஆளு வேணாமா அண்ணே?” என்று கேட்டுவிட்டேன்.

“அவ எனக்கு சாமிம்மா” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று ஆகிவிட்டது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. முன்பு அனுப்பிய அட்டை தவறுதலாக வந்தது என்று எங்களிடமிருந்து இன்னொரு கடிதம் போக வேண்டும். அச்சடித்த தாள் போனால் சம்பந்தி அடங்கிவிடுவார் என்றார். பாய் மசூதிக்குப் போயிருந்தார். வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

பாய் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “பதிவு அந்தப் பொண்ணு பேர்லதானேம்மா கீது? இல்லேன்னு நாம எப்படி எழுதித் தர்றது? நம்ம வேலை பட்டியல்ல தூசி தட்டுறது. பஞ்சாயத்து பண்றது இல்லியே” என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. யார் பேசினாலும் அந்த நேரத்துக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுவது எனக்கு ஒரு வியாதி.

அந்த வியாதி முற்றுவதற்கென்றே, அட்டையிலிருந்து முன்பே குறித்து வைத்திருந்த நம்பருக்குப் பெண்ணின் மாமியாரே போன் செய்தார்.

“கார் பொறந்தநாளு கார்டு போட்றவங்கதானே? எங்க மருமவ வண்டிக்கு சர்வீஸ் எப்போ வருதுன்னு சொல்லுங்கம்மா.”

எந்த மருமகள் என்று நான் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார். “எம்புள்ளைக்கு கன்டெய்னர் யார்டுல வேல பூட்சு. வூட்ல குந்திகினு சொவுத்த பாத்துகினு கீறான். சோறு கூட சரியா துன்றதில்ல. வண்டி வந்தா எழுந்து நடமாடுவான். நாங்க இன்னா ஊரான் சொத்தயா கேக்குறோம்? மருமவ பேர்ல கீற வண்டிதானே?”

அவர் குரலில் பேராசை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு தாயின் கவலைதான் இருந்தது. அவரைத் திட்டுவதற்கு நான் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் வீணாகப் போயின. “நாங்க லிஸ்ட்டு மட்டும்தான்மா பாக்குறோம், சர்வீஸ் தேதி ஷோரூம்ல கேளுங்க” என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க எந்தப் பெயரைப் பார்த்தாலும், இதற்குப் பின்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களோ என்று கையே ஓடவில்லை. மூன்று பேரை நீக்கிவிட்டு மூன்று பேரையும் திரும்பச் சேர்த்தேன்.

அமாவாசைக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நிஜமாகவே வாங்கியும் இருந்தாள். பை கையில் இருந்தது. தான் யார் என்று சொன்னதும் பாய் எழுந்து அவளுக்கு மின்விசிறிக்கு நேராக நாற்காலியைப் போட்டார்.

“அப்பா வந்து லெட்டர் கேட்டாராமே அக்கா?” என்றாள்.

“வந்தாரு. உங்க மாமியாரும் போன் பண்ணாங்க. இப்ப நீ. வண்டி உனக்கு வேணுமாம்மா?”

“எனக்கு ஓட்டவே தெரியாதுக்கா. அதுல குந்திகினு போனதே ரெண்டு வாட்டிதான். என் கல்யாணத்தன்னிக்கே அது ஏர்போர்ட் சவாரில இருந்துச்சு.” சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அத்த குட்துட்டா அப்பா இன்னாக்கா பண்ணுவாரு? அவருக்கு வேற ஒண்ணியும் தெரியாது. குடுக்கலேன்னா எங்க வூட்ல வூட்டுக்காரரு மூஞ்சிய பாக்க முடியல. அப்பா கேட்ட மாதிரியே ஒரு லெட்டர் எழுதிடுங்க. தப்பா வந்திச்சுன்னு. வேற வழி தெர்ல.”

எனக்கு அவள் மேல் எரிச்சலும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. “அப்போ நான் போன் பண்ணப்ப இந்த அட்ரஸை ஏம்மா சொன்னே? அப்பா வூட்டு அட்ரஸைச் சொல்லியிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே. தெரியாம சொல்லிட்டியா?”

“தெர்ஞ்சிதான் சொன்னேன்.”

பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“வண்டிய பத்தி அப்போ நெனைக்கவே இல்லக்கா. ஒரு தபால் வரும்னீங்க. வரட்டுமேன்னு இருந்துச்சு. போஸ்ட்மேன் வாசல்ல நின்னு என் பேர சொல்லி கூப்டாரு. அந்த வூட்ல யாரும் என்னை பேர் சொல்லி கூப்டமாட்டாங்க. திட்றதுக்கெல்லாம் இல்ல, நல்லவங்கதான். ‘ஏம்மா’ம்பாங்க, ‘இந்தா’ம்பாங்க, அவரு ‘ஏய்’ம்பாரு. அன்னிக்கி என் பேரு கேட்டதும் நானே ஒரு நிமிசம் யாரையோ கூப்புட்றாங்கன்னு நின்னுகினு இருந்தேன்.”

நான் அவளிடம் கேட்டிருந்த கேள்வி எனக்கே அசிங்கமாக இருந்தது. அவளைத் தேற்ற வேண்டுமா, திட்ட வேண்டுமா, அவள் அப்பாவைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டுமா, ஒன்றும் புரியவில்லை.

பாய்தான் முதலில் அசைந்தார். பொய் எழுத அவருக்கு மனசு வரவில்லை. இல்லையென்று சொல்லவும் வரவில்லை. வெள்ளைத் தாளில் எழுதினார், அடித்தார், எழுதினார். ‘தங்கள் பெயரில் வாகனம் ஏதும் இல்லை’ என்பதை அடித்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு திரும்பி வந்து, முதலில் அவளுடைய முகவரியை அவள் அப்பாவின் எண்ணூர் முகவரிக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். “இப்ப பாரும்மா, தண்டையார்பேட்டை அட்ரஸ்ல நம்ம பட்டியல்ல ஏதாவது வண்டி கீதா?” என்றார். இல்லை. “அப்ப இது பொய் இல்லியே” என்று எழுதிக் கொடுத்தார்.

‘இம்முகவரிக்கு அனுப்பப்பட்ட வாழ்த்து மடல், பட்டியல் சரிபார்ப்பில் நேர்ந்த பிழையால் வந்ததாகும். இம்முகவரியில் எங்கள் பட்டியலின்படி வாகனம் எதுவும் இல்லை. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். இனி இம்முகவரிக்கு எங்களிடமிருந்து மடல்கள் வாரா.’

இதன் பலனை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் வேலை செய்தது. சம்பந்தி அதை வாங்கிப் படித்துவிட்டு, வண்டி மருமகள் பெயரில் இல்லை என்றே எடுத்துக்கொண்டு, ஷோரூம்காரனைத் திட்டிவிட்டு, விட்டுவிட்டார். பிறகொரு நாள் அந்த அண்ணனே ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். வண்டி இன்னும் அவரிடம்தான் ஓடுகிறது, மகள் பெயரில்தான் இருக்கிறது. நாங்கள் செய்தது சரியா என்று பாயிடம் இரண்டொரு தடவை கேட்டிருக்கிறேன். அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்றைக்கு அவள் கடிதத்தை நிதானமாகப் படித்தாள். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். “நல்லா கீது பாய்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

பாய் கவரை எடுத்தார். “உங்க மாமனார் பேருக்கே போட்டுடலாமா? படிக்க வேண்டியவர் அவர்தானே.”

“வேணாம் பாய். என் பேருக்கே போடுங்க.”

“உனக்குத்தான் எல்லாம் தெரியுமேம்மா?”

“தெரியும். இதுக்கப்புறம் அந்த வூட்டுக்கு என் பேர்ல ஒண்ணியும் வராதுல்ல, அதுக்குத்தான்.”

நான் ஸ்டிக்கர் அடிக்க உட்கார்ந்தேன். இனிஷியல் இல்லாத பெயரைப் பட்டியலில் விடக்கூடாது என்பது எங்கள் ஆபீஸில் கண்டிப்பான விதி. கல்யாணமான பெண்களுக்கு எதைப் போடுவது என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம். பாதிப் பேர் அப்பாவின் எழுத்தோடு இருப்பார்கள், பாதிப் பேர் புருஷனுடையதோடு. அதனால் கேட்டேன். “முன்னாடி எந்த எழுத்தைப் போடட்டும்மா? அப்பாவோடதா, வூட்டுக்காரரோடதா?”

அவள் என் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

“ரெண்டும் வேணாக்கா,” என்றாள். “பேரு மட்டும் போடுங்க.”